மண்ணில் ஈரம் இருக்கிறது, வாழை ஏன் வாடுகிறது?

கேள்வி: ராஜாக்கமங்கலம் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எனக்கு முக்கால் ஏக்கர் விளை இருக்கிறது. தென்னைக்கு ஊடே ஏத்தன் (நேந்திரன்) வாழை போட்டிருக்கிறேன். மாசிக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. மண்ணைக் கிளறினால் ஈரம் தெரிகிறது. ஆனாலும் மதியமானால் வாழை இலை மடங்கித் தொங்குகிறது, ஓரம் கருகுகிறது. தண்ணீர் போதவில்லை, இன்னும் விடு என்கிறார்கள். விடலாமா? தென்னைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பதில்: அண்ணாச்சி, இந்தத் தண்ணீரைக் கூட்டி விடாதீர்கள். உங்கள் வாழைக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, அதை இழுக்கத்தான் வேருக்கு முடியவில்லை.

நீரின் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கும் பக்கம் லேசான எதிர்மின்னேற்றமும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் லேசான நேர்மின்னேற்றமும் உண்டு. அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அறுபதடி உயரத் தென்னையின் கொண்டைக்குத் தண்ணீர் ஏறுவது இந்தப் பிடிப்பால்தான். இலையில் ஒரு துளி ஆவியானால் கீழே வேர்வரைக்கும் அந்த இழுப்பு போகிறது. இதே குணத்தால்தான் நீர் உப்பையும் பிரித்துக் கரைத்து வைத்துக்கொள்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள் வேருக்குள் போவதும் கரைந்த நிலையில்தான், அதனால் இதைக் குறையென்று சொல்ல முடியாது. ஆனால் மண்ணீரில் உப்பு கூடிவிட்டால் அது தண்ணீரைத் தன்னிடமே பிடித்து நிறுத்துகிறது. மாங்காயில் உப்பைப் பிரட்டி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும் அல்லவா, அந்த இழுப்புதான் வேருக்கு வெளியே நடக்கிறது.

கருகல் வருவது இப்படி. வெயிலில் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்வது நீரை ஆவியாக்கித்தான். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். அதே 30 டிகிரியில் அதை ஆவியாக்கவோ சுமார் 580 கிலோகலோரி வேண்டும். இவ்வளவு சூட்டை இலையிலிருந்து எடுத்துப் போவது அந்த ஆவிதான். தண்ணீர் ஏறவில்லை என்றால் இலை தன் துளைகளை மூடிவிடும், சூடு தேங்கும். ஏறுகிற கொஞ்ச நீரும் ஆவியாகும்போது உப்பை இலையோரத்தில் விட்டுவிட்டுப் போகிறது. முதிர்ந்த அடி இலைகளைப் பாருங்கள். ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு தவிட்டு நிறத்தில் முறுமுறுவென்று உள்நோக்கிக் காய்ந்து வரும். பாத்தி வரம்பில் வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், உப்புதான்.

தண்ணீரைச் சோதிக்கும்போது ஈ.சி. (மின்கடத்துதிறன்) என்ற அளவைக் கேளுங்கள், தண்ணீரில் உப்பு கூடக் கூட அதுவும் கூடும். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே என்றால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் வாழைக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. இடையில் 2 என்று வந்தால் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு. ஒரு வாழை மூட்டுக்கு, அதாவது அடிக்கு, தினம் 20 லிட்டர் விட்டால் நூறு நாளில் இரண்டரை கிலோ உப்பை ஒரே மூட்டில் கொட்டுகிறோம். இன்னும் விடு என்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கிணறு கரிப்பதற்கும் நீரின் குணமே காரணம். நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் கொஞ்சம் கனம், லிட்டருக்கு 1.025 கிலோ. அதனால் கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புநீர்மேல் மிதந்து நிற்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மட்டத்தை ஓரடி இறக்கினால் உப்புநீரும் நாளடைவில் அந்தக் கணக்கில் மேலேறும். ஆகவே மோட்டாரை நாலு மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். காலையில் அரைமணி, அந்திக்கு அரைமணி என்று பிரித்து இறையுங்கள். கிணற்றை ஆழப்படுத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அது உப்பைத் தேடிப் போவதாகும்.

வாழை மூட்டைச் சுற்றி கதம்பை (தேங்காய் மட்டை), காய்ந்த ஓலை, வாழைச் சருகு என்று கிடைத்ததைக் கனமாகப் பரப்புங்கள். மண்ணின் மேல் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலேறிப் படிவதும் குறையும். தண்ணீரை இலைமேல் தெளிக்க வேண்டாம். சாம்பல் சத்துக்கு வழக்கமாகப் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில், கரிக்கும் தண்ணீரில் இருக்கும் அதே குளோரைடு இருக்கிறது. இந்த நிலத்து வாழைக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்கிப் போடுங்கள், விலை கூடினாலும் சரி. ஜிப்சத்தை மண் பரிசோதனை பார்க்காமல் கொட்ட வேண்டாம்.

தென்னையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது இந்த அளவு உப்பைத் தாங்கும், குளோரைடு அதற்கு ஒரு சத்தும்கூட.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடி மழையில் பாத்தி வரம்பை உயர்த்தி மழைநீரை நிறுத்துங்கள். மணல் நிலம் என்பதால் உப்பு கரைந்து சீக்கிரம் கீழே இறங்கிவிடும். கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடவும் அதற்குள் வழி செய்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு மோட்டாரைக் கால்மணி ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். வாழை மூட்டில் ஓரடி ஆழம்வரை எடுத்த மண்ணையும் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வந்ததும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த ஏத்தன் கன்று நடுவதை முடிவு செய்யலாம்.