1994 இண்டிகார் சீசன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

போன முறை அமெரிக்காவின் இண்டிகார் என்ற கார் பந்தயத் தொடரைப் பற்றிப் பேச்சுவாக்கில் "1994-ல் பென்ஸ்கே அணி மொத்த சீசனையும் சுருட்டிக்கொண்டு போனது" என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கேள்வி அனுப்பிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஃபார்முலா 1 மட்டும்தான் பழக்கம். படத்தில் பார்த்தால் இந்த வண்டியும் அப்படியேதான் இருக்கிறது. என்ன வித்தியாசம் அண்ணா?

தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். கிட்டே போனால் குணம் வேறு. 1994 நிலவரம் சொல்கிறேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை ஃபார்முலா 1 1989-லேயே ஒதுக்கியிருந்தது, இங்கே டர்போ இல்லாமல் வண்டியே கிடையாது. எரிபொருள் மெத்தனால். வண்டி கனம். ஃபார்முலா 1-ல் ஒவ்வொரு அணியும் தன் வண்டியைத் தானே கட்டவேண்டும். இங்கே பெரும்பாலான அணிகள் லோலாவிடமோ ரெய்னார்டிடமோ சாசிஸை (என்ஜின் இல்லாத வண்டியை) விலைக்கு வாங்கி, என்ஜினை வாடகைக்கு எடுத்து ஓட்டின. பென்ஸ்கே மட்டும் இங்கிலாந்தில் பூல் என்ற ஊரில் சொந்தமாக வண்டி கட்டிக்கொண்டிருந்தது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் பாதைகள். அந்த வருடம் 16 பந்தயங்கள். அதில் 6 ஓவல், அதாவது முட்டை வடிவப் பாதை: ஃபீனிக்ஸ், இண்டியானாபோலிஸ், மில்வாக்கி, மிச்சிகன், லூடன், நாசரெத். மீதி 10 நகரத் தெருக்களிலும் நிரந்தரப் பாதைகளிலும். கிளீவ்லாந்தில் விமான ஓடுதளத்திலேயே பந்தயம்! சீசனின் முதல் பந்தயம் ஆஸ்திரேலியாவில் சர்ஃபர்ஸ் பாரடைஸில். ஒரே ஓட்டுநர் இத்தனை வகைப் பாதையிலும் தேறவேண்டும் என்பதுதான் இந்தத் தொடரின் அழகு என்பேன்.

கேள்வி: "சுருட்டியது" என்றால் எவ்வளவு?

16-ல் 12. ஆல் அன்ஸர் ஜூனியர் 8, பால் டிரேசி 3, எமர்சன் ஃபிட்டிபால்டி 1. ஐந்து பந்தயங்களில் முதல் மூன்று இடமும் இவர்களுக்கே. சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலிலும் அதே கதை: அன்ஸர் 225, ஃபிட்டிபால்டி 178, டிரேசி 152. வெற்றிக்கு 20 புள்ளி, முதல் 12 இடங்களுக்கும் ஏதாவது கிடைக்கும், முதலிடத்திலிருந்து புறப்பட்டால் ஒன்று, அதிகச் சுற்று முன்னிலை வகித்தால் ஒன்று என்பது அன்றைய கணக்கு.

மற்றவர்களுக்கு மிஞ்சியது நாலே பந்தயம். சர்ஃபர்ஸ் பாரடைஸும் டொராண்டோவும் மைக்கேல் ஆண்ட்ரெட்டிக்கு, மிச்சிகன் ஸ்காட் குட்இயருக்கு, ரோட் அமெரிக்கா ஜாக் வில்நேவுக்கு.

கேள்வி: எல்லாம் அந்த மெர்சிடிஸ் "மிருக" என்ஜின் பண்ணிய வேலைதானே சார்? அதில் ஓட்டுநருக்கு என்ன பெருமை?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதவே ஆரம்பித்தேன். பலபேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆங்கில வீடியோக்களும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

நீங்கள் சொல்லும் அந்த என்ஜினின் பெயர் மெர்சிடிஸ் 500I. அது பந்தயத்தில் ஓடியது ஒரே ஒரு நாள். 1994 மே 29, இண்டியானாபோலிஸ் 500 (சுருக்கமாக இண்டி 500) என்ற 500 மைல் பந்தயம். அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. பாக்கி 15 பந்தயங்களிலும் பென்ஸ்கே வண்டியில் இருந்தது இல்மோர் என்ற நிறுவனத்தின் வழக்கமான என்ஜின் (மெர்சிடிஸ் பெயரில் அந்த ஒரு நாள் என்ஜினைக் கட்டியதும் இவர்கள்தான்). ரகசியம் எதுவும் கிடையாது, மற்ற சில அணிகளும் இல்மோர்தான் ஓட்டின. அப்படியும் 11 வெற்றி. அதற்குக் காரணம் நைஜல் பென்னட் வரைந்த பிசி-23 என்ற வண்டி. ஓவலிலும் ஓடியது, தெருவிலும் ஓடியது. அந்த ஒரு நாள் என்ஜின் கதை சுவாரசியமாக இருப்பதால் வண்டியின் பெயர் அடிபட்டுப் போய்விட்டது.

ஓட்டுநர் பெருமைக்கு வருகிறேன். மூன்று பேருக்கும் ஒரே வண்டி. அன்ஸர் 8 ஜெயித்தபோது ஃபிட்டிபால்டி ஜெயித்தது ஃபீனிக்ஸ் மட்டும். ஃபிட்டிபால்டி ஃபார்முலா 1-ல் இரண்டு முறை உலக சாம்பியன். அந்த இடைவெளியை என்ஜின் தலையில் கட்டமுடியாது.

கேள்வி: சரி, அந்த என்ஜினில் அப்படி என்னதான் விசேஷம்? எனக்கு மெக்கானிக் வேலை தெரியும், விவரமாகவே சொல்லுங்கள்.

உங்களுக்காகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

வழக்கமான இண்டி என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே, சிலிண்டர் ஹெட்டில் இருக்கும். கொள்ளளவு 2.65 லிட்டர். டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு வரம்பு 45 அங்குலம் (பாதரசக் கணக்கில்). இந்த வரம்பை யாரும் மீறாதிருக்க, அதிகாரிகளே ஒரு வால்வைக் கொடுத்து என்ஜின் மேலே பூட்டச் சொல்வார்கள். அழுத்தம் வரம்பைத் தாண்டினால் அது திறந்துகொள்ளும், காற்று வெளியே போய்விடும், வண்டி சட்டென்று சோர்ந்துவிடும்.

இண்டியானாபோலிஸில் மட்டும் ஒரு சலுகை. கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் இருந்து, புஷ்ராட் என்ற கம்பி வழியாக வால்வைத் தள்ளும் பழைய பாணி என்ஜினாக இருந்தால் 3.43 லிட்டர் வரை போகலாம், 55 அங்குலம் அழுத்தம் வைத்துக்கொள்ளலாம். சாலைக் கார் பிளாக்கை எடுத்துத் தேற்றி ஓட்டும் சின்ன அணிகள் பிழைக்கட்டும் என்பது நோக்கம். ப்யூக் கார் கம்பெனியின் வி6 என்ஜின்கள் அப்படி வந்தவைதான். ஆனால் 1991-ல் "சாலைக் கார் பிளாக்காகத்தான் இருக்கவேண்டும்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கதவு திறந்துகொண்டது. புஷ்ராட் இருந்தால் போதும், மற்றபடி பந்தயத்துக்கென்றே புதிதாக வார்த்துக்கொள்ளலாம்.

சின்ன அணிகளுக்கு அதற்குப் பணம் இல்லை. பணம் இருந்த அணி முதலாளி ரோஜர் பென்ஸ்கேவும், இல்மோரின் மாரியோ இல்லியென், பால் மோர்கன் இருவரும் விதிப் புத்தகத்தை நிதானமாகப் படித்தார்கள். கேமை முடிந்த மட்டும் மேலே ஏற்றி, புஷ்ராடை முடிந்த மட்டும் குட்டையாக்கி, சில மாதங்களுக்குள் என்ஜினை முடித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் பென்ஸ்கேவுக்குச் சொந்தமான நாசரெத் ஓவலில் பனியை வாரித் தள்ளிவிட்டு டிரேசியை வைத்துச் சோதித்தார்கள். ஏப்ரல் வரை வெளியே மூச்சு விடவில்லை. மற்றவர்கள் 800 குதிரைத்திறனை ஒட்டி வைத்திருந்த காலத்தில் இது 1000-ஐத் தாண்டியது.

ஒரு துணுக்கு: இல்மோர் இருந்த பிரிக்ஸ்வொர்த்தில்தான் இன்றைய மெர்சிடிஸ் ஃபார்முலா 1 என்ஜின்களும் தயாராகின்றன.

கேள்வி: இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாமா?

சொல்லமுடியாது. விதியில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். நீ தடுக்கில் பாய்ந்தால் நான் கோலத்தில் பாய்கிறேன் என்ற கதை. ஆனால் விதியின் நோக்கத்தைக் குழிதோண்டிப் புதைத்தார்கள் என்றால் ஒப்புக்கொள்வேன். ஏழை அணிக்கு வைத்த சலுகை, இருப்பதிலேயே பணக்கார அணியின் கைக்குப் போனது.

தண்டனையும் வந்தது. அடுத்த வருடத்துக்கான அழுத்த வரம்பை முதலில் 52 அங்குலம் என்றார்கள், பிறகு 48 என்று இறக்கினார்கள். என்ஜின் மூலைக்குப் போனது. 1995-ல் அன்ஸரும் ஃபிட்டிபால்டியும் அதே இண்டியானாபோலிஸில் தகுதிச் சுற்றிலேயே தேறவில்லை. முந்தைய வருட வெற்றியாளர் பந்தயத்தில் புறப்படும் 33 பேரில் ஒருவராகக்கூட நிற்கமுடியவில்லை.

கேள்வி: அன்றைய பந்தயத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஃபிட்டிபால்டிதான் ஜெயித்திருக்கவேண்டும் என்கிறார்களே?

வாஸ்தவம். முதலிடத்திலிருந்து புறப்பட்டது அன்ஸர், தகுதிச் சுற்றில் சராசரி மணிக்கு 228 மைல், அதாவது 367 கிலோமீட்டர். ஆனால் பந்தயம் ஃபிட்டிபால்டியின் கையில். 200 சுற்றில் 145 சுற்று அவர்தான் முன்னால். டிரேசி பயிற்சியில் மோதித் தலையில் அடிபட்டு, பின்வரிசையிலிருந்து புறப்பட்டு, பாதியிலேயே டர்போ பழுதாகி ஒதுங்கிவிட்டார்.

185-வது சுற்று. இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த அன்ஸரை ஒரு முழுச் சுற்று பின்தங்க வைத்துவிடலாம் என்று ஃபிட்டிபால்டி நெருங்குகிறார். நாலாவது வளைவில் உள்பக்கம் அதிகமாக இறங்கிவிட, பின்பக்கம் வழுக்கி, வண்டி நேராகச் சுவரில். இன்னும் 15 சுற்றுதான் பாக்கி. அன்ஸருக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் போதும், கோப்பை ஃபிட்டிபால்டிக்குத்தான். அன்ஸருக்குத் தன் இரண்டாவது இண்டி 500 வெற்றி தானாக வந்து மடியில் விழுந்தது. கடைசியில் ஸ்டான் ஃபாக்ஸ் மோதியதால் பந்தயம் மஞ்சள் கொடியிலேயே (யாரும் முந்தாமல் மெதுவாகப் போகவேண்டிய நிலையில்) முடிந்தது. வில்நேவ் இரண்டாவது, பாபி ரேஹல் மூன்றாவது.

ரேஹல் விஷயம் தனி வேடிக்கை. அவர் அணிக்கு அந்த வருடம் ஹோண்டா என்ஜின். இண்டியில் வேகம் தேறவில்லை. மானம் போகிறதே என்று பார்க்காமல் பென்ஸ்கேவிடமே முந்தைய வருட வண்டியை இல்மோர் என்ஜினோடு வாங்கி ஓட்டி மூன்றாவது வந்தார்.

கேள்வி: மான்செல் என்ன ஆனார்? 1993-ல் கலக்கினாரே.

1993-ல் ஃபார்முலா 1 சாம்பியன் பட்டத்தோடு வந்து, முதல் வருடமே இங்கேயும் சாம்பியன். 1994-ல் ஒரு வெற்றிகூட இல்லை, எட்டாவது இடம். வண்டி லோலா, அது பிசி-23-க்கு ஈடு கொடுக்கவில்லை. அதோடு மனசும் பாதி ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. மே 1-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் வில்லியம்ஸ் அணி ஓட்டுநர் செனா இறந்தபிறகு, அந்த அணி இவரை சில பந்தயங்களுக்கு அழைத்தது, வருடக் கடைசியில் அடிலெய்டில் ஜெயித்தும் காட்டினார்.

இண்டி 500-ல் அவருக்கு நடந்தது நம்பமுடியாதது. மஞ்சள் கொடியில் எல்லோரும் மெதுவாகப் போகும்போது டென்னிஸ் விட்டோலோ வேகம் குறைக்காமல் வந்து, இன்னொரு வண்டியின் சக்கரத்தில் ஏறி, பறந்து போய் மான்செல் வண்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மான்செலுக்குப் பெரிய காயம் இல்லை. கோபம்தான்.

கேள்வி: சிரிக்காதீர்கள், மைலேஜ் எவ்வளவு?

சிரிக்கவில்லை, அது அங்கே முக்கியமான கணக்கு. அணிக்கு அளந்துதான் எரிபொருள். ஒரு காலனுக்கு 1.8 மைல் என்ற கணக்கில் கொடுப்பார்கள். நம் கணக்கில் லிட்டருக்கு முக்கால் கிலோமீட்டர். தொட்டி 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஆள் துடிப்பதைப் பார்த்துத்தான் தீ என்று புரியும். நல்லவேளை, தண்ணீர் ஊற்றினால் அணையும்.

கேள்வி: குட்இயர் டயர் கம்பெனிக்காரரா ஸ்காட் குட்இயர்?

இல்லை, பெயர் மட்டும்தான். அந்த வருடம் எல்லோருக்குமே குட்இயர் டயர் என்பதால் குழப்பம். 1992 இண்டி 500-ல் 33-வது இடத்திலிருந்து புறப்பட்டு 0.043 விநாடியில் அன்ஸரிடம் தோற்றவர் இவர்தான். 1994-ல் மிச்சிகனில் பென்ஸ்கே வண்டிகள் நின்றுபோன நாளில் ஜெயித்தது கொஞ்சமாவது ஆறுதல்.

கேள்வி: பெண் ஓட்டுநர் யாராவது?

லின் செயின்ட் ஜேம்ஸ். 1994 இண்டி 500-ல் ஆறாவது இடத்திலிருந்து புறப்பட்டார். மான்செல் ஏழாவது!

கேள்வி: தொடர் இரண்டாக உடைந்ததற்கும் இந்த என்ஜினுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. வேர் ஒன்றுதான். 1979 முதல் தொடரை நடத்தியது கார்ட் என்ற அணி உரிமையாளர்களின் அமைப்பு. இண்டி 500-க்கு மட்டும் விதி வகுத்தது யூசாக் என்ற வேறு அமைப்பு. ஒரு வீட்டுக்கு இரண்டு நிர்வாகம், அதனால்தான் ஒரே ஒரு பந்தயத்துக்கு மட்டும் வேறு என்ஜின் விதி இருக்கமுடிந்தது. இண்டி மைதானத்தின் தலைவர் டோனி ஜார்ஜ் அதே 1994-ல் தனித்தொடர் தொடங்கப்போவதாக அறிவித்தார், 1996-ல் ஐஆர்எல் என்ற பெயரில் அது ஓடத் தொடங்கியது. 12 வருடம் இரண்டு பக்கமும் இளைத்து, 2008-ல்தான் மறுபடி ஒன்றானார்கள். 2020 தொடக்கத்தில் அந்த மைதானமும் தொடரும் கைமாறின. வாங்கியவர் ரோஜர் பென்ஸ்கே. விதிப் புத்தகத்தில் ஓட்டை தேடியவரே இன்று தொடருக்கு முதலாளி.

கேள்வி: ஒரே ஒரு பந்தயம் பார்க்க நேரம் இருக்கிறது. எது பார்க்கட்டும்?

இண்டி 500 என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். அதில் 180-வது சுற்றிலிருந்து பார்த்தால் போதும். முழுதாகப் பார்ப்பதென்றால் ரோட் அமெரிக்கா. புதுமுகமான வில்நேவ் பென்ஸ்கே வண்டிகளை அங்கே நேருக்கு நேர் தோற்கடித்தார். அடுத்த வருடம் இண்டி 500-ம் பட்டமும், 1997-ல் ஃபார்முலா 1 பட்டமும் எடுத்தவர். லகுனா செகாவில் நடந்த சீசனின் கடைசிப் பந்தயம் வேண்டுமானால் மைக்கேலின் அப்பா மாரியோ ஆண்ட்ரெட்டிக்காகப் பாருங்கள், 54 வயதில் அவர் விடைபெற்றது அங்கேதான். ஜெயித்தது டிரேசி.