மகளுக்கு வந்த உறை - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜனநாயகத்துக்கு முன்மாதிரி எண்டு காட்ட ஒரு நாடும் இல்லை எண்டு போன மாசம் எழுதியிருந்தீங்கள். நான் சுவிஸில பேர்ன் மாநிலத்தில 22 வருசமா இருக்கிறன். இஞ்ச சட்டத்தைச் சனம்தான் முடிவெடுக்குது. என்ர மகள் சுவிஸ் பாஸ்போட் எடுத்திட்டா. வருசத்துக்கு மூண்டு நாலு தரம் அவவுக்கு வாக்குச்சீட்டு உறை தபாலில வரும். குசினி மேசையில இருந்து விளக்கப் புத்தகத்தை வாசிச்சுப்போட்டுத்தான் ஓம், இல்லை எண்டு எழுதுவா. ஆறு கிழமை லீவு வேணுமோ எண்டு கேட்டதுக்கே வேண்டாம் எண்டு சொன்ன சனம் ஐயா இது. இலங்கையில, எங்கட ஊரிலயும் இப்பிடி ஒரு முறை இருந்திருந்தா எங்களுக்கு இந்த நிலை வந்திராது. சுவிஸை முன்மாதிரி எண்டு ஒத்துக்கொள்ள உங்களுக்கு என்ன தயக்கம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் ரொம்பப் பிடிச்சிருந்தது, குறிப்பா அந்த மேசை. தயக்கம் இருக்கு, ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்ல.

மொதல்ல ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கிறேன். 2012ல அந்த ஆறு வார லீவு விஷயம் ஓட்டுக்கு வந்தப்ப கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பேர் வேண்டாம்னுட்டாங்க. அதுக்காக எல்லாரும் துறவிங்கன்னு நினைச்சிடாதீங்க, 2024ல வயசானவங்களுக்கு வருஷத்துக்கு 12 மாச பென்ஷனோட 13வதா இன்னொரு மாச பென்ஷனும் வேணுமான்னு கேட்டப்ப வேணும்னுதான் சொன்னாங்க. ரெண்டு தடவையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துதான் சொல்லியிருப்பாங்க, ஏன்னா வரவு செலவு ரெண்டும் அவங்களோடது.

அப்புறம் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டா, பிடிக்காதவங்க 100 நாளைக்குள்ள 50,000 கையெழுத்து வாங்கிட்டாப் போதும், நாடே அதுக்கு ஓட்டுப் போட்டாகணும். இந்த பயத்துலயே சட்டம் எழுதறப்பவே மாநிலங்கள், கட்சிகள், தொழிற்சங்கம், முதலாளிங்க சங்கம்னு ஒருத்தர் விடாம கூப்பிட்டுக் கேட்டுடறாங்க, எவனாவது முறைச்சுக்கிட்டுப் போனா பேப்பரும் பேனாவுமா தெருவுல இறங்கிடுவான்ல. மந்திரிசபையில மொத்தமே ஏழு பேர், அவங்கள்ல ஒருத்தர் வருஷா வருஷம் மாறி மாறி ஜனாதிபதி, 1959லேர்ந்து பெரிய கட்சிங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாவே அங்க உட்கார்ந்திருக்கு. இந்த வருஷ ஜனாதிபதி யாருன்னு கேட்டா சில பேர் தலையைச் சொறிவாங்களாம். எனக்கு இது ரொம்ப ஆரோக்கியமான விஷயமாப் படுது.

இப்ப என் தயக்கம். 1959ல பொம்பளைங்களுக்கு ஓட்டு குடுக்கலாமான்னு ஒரு வாக்கெடுப்பு நடந்தது, கேட்டது ஆம்பளைங்ககிட்ட மட்டும், அவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் கூடாதுன்னாங்க. கடைசியில 1971லதான் கிடைச்சது. உங்க ஊர்ல 1931லேயே பொம்பளைங்க ஓட்டுப் போட்டாச்சு, 1960ல சிறிமாவோ உலகத்திலேயே முதல் பெண் பிரதமரா ஆயாச்சு, அவங்க ரெண்டாவது ஆட்சியில இருக்கிறப்பதான் சுவிஸ் பொம்பளைங்களுக்கு நாட்டளவுல ஓட்டே வருது! அப்பென்செல் இன்னர்ரோடன்னு ஒரு குட்டி மாநிலம், அங்க ஆம்பளைங்க இடுப்புல வாளோட சதுக்கத்துல கூடி கையைத் தூக்கி முடிவெடுப்பாங்க, போட்டோவுல பார்க்க ரொம்ப அழகா இருக்கும். அந்த அழகான கைங்கதான் 1990 ஏப்ரல்ல கூட பொம்பளைங்களுக்கு மாநில ஓட்டு வேண்டாம்னு சொல்லுச்சு, அதே வருஷம் நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுதான் வாங்கிக் குடுத்தது.

எம்மென்னு லூசெர்ன் பக்கத்துல ஒரு ஊர், 2000ல அங்க குடியுரிமை கேட்டு விண்ணப்பிச்சவங்களை ஊர்க்காரங்க வாக்குப்பெட்டியில ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. இத்தாலிக்காரங்க பாஸ், பழைய யுகோஸ்லாவியாக்காரங்க எல்லாரும் ஃபெயில். 2003ல கோர்ட்டு இதெல்லாம் செல்லாதுன்னுடுச்சு. (அந்த முறை திரும்ப வேணும்னு ஒரு கட்சி 2008ல நாடு முழுக்க ஓட்டுக்குக் கொண்டுபோனப்ப மக்களே வேண்டாம்னாங்க, அதையும் சொல்லிடணும்.) அடுத்த வருஷமே, 2009ல, புதுசா மினாரெட், அதாவது மசூதிக் கோபுரம், கட்டத் தடை, 57 சதவீதத்துக்கு மேல ஆதரவு. அப்ப நாட்டுல இருந்த மினாரெட்டே நாலுதான்.

கவனிச்சீங்கன்னா, லீவு பென்ஷன்னு தன்னைப் பத்தி ஓட்டுப் போடறப்ப அந்த சனம் அவ்வளவு நிதானமா இருக்கு. அந்த மேசையில உட்காரவே விடாத இன்னொருத்தரைப் பத்திப் போடறப்பதான் கை நடுங்காம 'இல்லை'ன்னு எழுதிடுது. சனம் அதேதான்.

அதனாலதான் ஊர்ல இந்த முறை இருந்திருந்தான்னு நீங்க சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. 1956ல சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழின்னு போட்ட தனிச்சிங்களச் சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? பார்லிமென்டை விட ஜோராவே ஜெயிச்சிருக்கும். மலையகத் தமிழர்களோட குடியுரிமையையும் ஓட்டையும் 1948, 49ல பறிச்சதுக்கு வாக்கெடுப்பு வச்சிருந்தாலும் அதே கதைதான். சுவிஸைக் காப்பாத்தினது வேற ஒண்ணு. 1847ல அங்க ஒரு உள்நாட்டுப் போர், 26 நாள், செத்தவங்க சுமார் நூறு பேர், கத்தோலிக்க மாநிலங்க தோத்துப்போச்சு. அடுத்த வருஷம் அரசியல் சட்டம் எழுதறப்ப ஜெயிச்சவங்க என்ன பண்ணாங்கன்னா, மேல்சபையில பெரிய மாநிலம் சின்ன மாநிலம்னு பார்க்காம ஒரே மாதிரி ரெண்டு சீட்டு (அரை மாநிலம்னு சொல்ற சிலதுக்கு மட்டும் ஒண்ணு), அரசியல் சட்டத்தைத் திருத்தணும்னா மக்கள்ல மட்டுமில்ல மாநிலங்கள்லயும் பாதிக்கு மேல சம்மதிக்கணும்னு எழுதி வச்சாங்க. தோத்தவனுக்குப் பூட்டும் சாவியும் குடுத்த மாதிரி. கூடவே ஒரு அதிர்ஷ்டம், மொழியும் மதமும் அங்க ஒரே கோட்டுல போகல, ஜெர்மன் பேசறவங்கள்ல ரெண்டு மதமும் உண்டு, பிரெஞ்சு பேசறவங்கள்லயும் உண்டு, அதனால ஒரு ஓட்டுல பெரும்பான்மையா நிக்கிறவன் அடுத்ததுல சிறுபான்மை. இலங்கையில எல்லாக் கோடும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழுந்துச்சு.

காப்பியடிக்கணும்னா நான் ஜூரா கதையைத்தான் எடுப்பேன். பேர்ன் மாநிலத்துக்குள்ள பிரெஞ்சு பேசற, பெரும்பாலும் கத்தோலிக்க பகுதி அது, தனியாப் போகணும்னு வருஷக்கணக்கா சண்டை, தீவைப்பு, குண்டு கூட உண்டு. 1974ல அந்த சனத்துக்கிட்டயே கேட்டாங்க, ஆமான்னாங்க, எதிர்த்த பகுதிகளுக்கு பேர்ன்லயே இருந்துக்க தனித்தனியா இன்னொரு ஓட்டு, 1978ல நாடு முழுக்க சம்மதம், 1979 ஜனவரி 1 அன்னைக்கு தனி மாநிலம். மூத்தியேங்கிற ஊர் அதுக்கப்புறமும் மனசு மாறி 2021ல ஓட்டுப் போட்டு 2026 ஜனவரியில ஜூராவோட சேர்ந்துச்சு, உங்க மாநிலத்தை விட்டுத்தான். அந்த ஜூராவுலதான், ரொம்ப வருஷமா அங்க வாழற வெளிநாட்டவருக்கும் மாநில அளவுல ஓட்டு உண்டு, ஆரம்பத்துலேர்ந்தே. பேர்ன்ல கிடையாது.

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். மகளுக்கு உறை வர்றதைச் சொல்லியிருக்கீங்க, 22 வருஷமா வரி கட்டற உங்களுக்கு வருதான்னு சொல்லல. வரலைன்னு நினைக்கிறேன். அடுத்த உறை வர்றப்ப அந்த மேசையில நீங்க எங்க உட்கார்றீங்க, மகள் பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேக்கிறாங்களான்னு எழுதுங்க.

அன்புடன்.