மீதிக் கதை எங்கே?

தம்பி, ஏப்ரலில் டோக்கியோ வருவதாகச் சொல்லி வாடகை, மளிகை எல்லாம் கேட்டுவிட்டு, "ஜப்பான் கதைகளில் ஏன் ஒன்றுமே நடப்பதில்லை? ஹாலிவுட் மாதிரி இல்லையே?" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். மளிகைக்கு நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் போனால் போதும். வாடகையைக் கம்பெனியில் கேளுங்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

2003-இல் வந்த புதிதில் ஆபீஸ் பெரியவர் ஒருவர் டோக்கியோவின் அசாகுசாவில் ராகுகோ என்ற மேடைக் கதை கேட்கக் கூட்டிப்போனார். மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரே ஆள், ஒரு விசிறி, ஒரு துண்டு. அவர் சொன்ன கதையில் நண்பர்கள் எது எதற்குப் பயம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருவன், "எனக்கு மஞ்சூ என்றால் நடுக்கம்" என்கிறான். மஞ்சூ நம் சுகியனுக்கு ஆவியில் வெந்த ஒன்றுவிட்ட தம்பி. அவனை மிரட்ட மஞ்சூவாக வாங்கிக் குவிக்கிறார்கள். பயம், பயம் என்று கத்திக்கொண்டே அத்தனையும் தின்றுவிடுகிறான். "நிஜமாக எதற்குத்தான்டா பயம்?" "இப்போதைக்குச் சூடாக ஒரு டீ."

கதைசொல்லி வணங்கி எழுந்து போய்விட்டார். நான் அசையவில்லை. ஏமாற்றியவனுக்கு உதை விழ வேண்டாமா? "மீதிக் கதை?" என்றேன். "ஒச்சி வந்துவிட்டதே" என்றார் பெரியவர். ஒச்சி என்றால் விழுவது, அதாவது கதையை முடிக்கும் கடைசிச் சிரிப்பு வரி. விழுந்தால் கதை முடிந்தது.

1863-இல் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் நாடகத்தைப் பிரமிடாக வரைந்தார். சிக்கல் ஏறும், உச்சி தொடும், இறங்கும். நம் சினிமாவும் நம்மை அதற்கே பழக்கிவிட்டது. இங்கே பள்ளியில் சொல்லித்தருவது கி-ஷோ-தென்-கெத்சு: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. சீனத்து நாலடிக் கவிதையிலிருந்து வந்தது. அதற்குக் காட்டும் பழைய உதாரணம் இது: ஒசாகா நூல்கடைக்காரருக்கு இரண்டு மகள்கள். அக்காவுக்கு இத்தனை வயது, தங்கைக்கு இத்தனை. நாட்டுப் பிரபுக்கள் வில்லம்பால் கொல்வார்கள். நூல்கடைப் பெண்கள் கண்ணால் கொல்வார்கள். மூன்றாம் வரியில் பிரபுக்கள் எங்கிருந்து குதித்தார்கள்? அதுதான் தென். யாரும் யாரோடும் மோதவில்லை. சம்பந்தமில்லாத ஒன்று பக்கத்தில் வந்து உட்காருகிறது, கடைசி வரி இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. நாலு கட்டச் சித்திரக்கதை படித்தால் பழகிவிடும்.

இதைக் கேட்டுவிட்டு ஜப்பான் கதையில் சண்டையே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். 47 சாமுராய்கள் எஜமானுக்காகப் பழிவாங்கும் சூஷிங்குரா நாடகத்தை 1748-இலிருந்து ஆடுகிறார்கள். இருபது வருடம் இங்கே குடியிருந்தும் தமிழ் சீரியலைத் தாண்டாத நம்மவர்கள்தான் அப்படி அடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஆபீஸில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம். ஒரு கூட்டத்தில் வேலை தாமதமானதை நானும் திருப்பமெல்லாம் வைத்து நாலு கட்டமாகச் சொன்னேன். இரண்டாவது கட்டத்திலேயே மேலாளர் "கெத்சுரோன்?" என்று வெட்டினார். முடிவை முதலில் சொல் என்று அர்த்தம். ரிப்போர்ட்டுக்கு அவர்கள் முறை அதுதான். கதை எல்லாம் சாயங்காலம் குடிக்கப் போகும்போது.

அந்தப் பெரியவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் தனியாக அசாகுசா போனேன். அதே மஞ்சூ கதை. டீ வருவதற்கு முன்பே சிரித்துவிட்டேன். முன்வரிசைப் பாட்டி திரும்பி முறைத்தார்.