ஓடிய கார் திடீரென நின்றால்...

கேள்வி: 20 வருடப் பழைய பெட்ரோல் கார், இன்ஜெக்‌ஷன் வகை. ஓடும்போதே அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆனது. பேட்டரியை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றே பொருள். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுவதால் என் முதல் சந்தேகம், இன்ஜின் சுழல்வதைக் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார். அதன் உள்ளே இருக்கும் நுண்கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து, தொடர்பு அறுந்துவிடும். சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) முள் அசைகிறதா பாருங்கள். பல கார்களில், அது அசையாமலே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்தது பெட்ரோல் பம்ப். சாவியை 'ஆன்' நிலையில் வைத்ததும் டேங்க் பக்கம் ஓரிரு விநாடி 'ஊம்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு பம்ப் ரிலேவை (பம்புக்கு மின்சாரம் தரும் தானியங்கி சுவிட்ச்) கழற்றி, அதே எண் உள்ள வேறொரு ரிலேவைப் பொருத்திப் பாருங்கள். ரிலேவுக்குள் சால்டரிங் இணைப்பு விரிசல் விட்டாலும் இதே அறிகுறிதான். சோதனையை கார் நின்றுபோன அந்த நேரத்திலேயே செய்யுங்கள். ஆறிய பின் எல்லாமே சரியாகத் தெரியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, ஒரே சீராகச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள், பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். மற்றபடியும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள்.