வீட்டம்மா ஊருக்குப் போனதும் பாலை அடக்கும் மாடு

கேள்வி: இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு, கன்று போட்டு 40 நாள் ஆகிறது. இரண்டு வேளையும் சேர்த்து 9 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. என் மனைவிதான் எப்போதும் கறப்பார். மகள் பிரசவத்துக்காக அவர் போய் ஐந்து நாள் ஆச்சு. நான் உட்கார்ந்தால் உதைக்கிறது, 4 லிட்டருக்கு மேல் இறக்க மாட்டேன் என்கிறது. போனில் அவர் குரலைப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. ஊசி போட்டால் இறங்கிவிடும் என்கிறார்கள். போடலாமா?
- நாமக்கல் மாவட்ட விவசாயி

பதில்: போட வேண்டாம். முதலில் கறந்து முடித்ததும் மடியைத் தொட்டுப் பாருங்கள். துணிப்பை போலத் தளர்ந்திருந்தால் பால் ஊறுவதே குறைந்திருக்கிறது. தீவனம், காய்ச்சல், சினைப்பருவம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். கறந்த பிறகும் கனமாக, விறைப்பாக இருந்தால் பால் உள்ளேதான் இருக்கிறது, மாடு அடக்குகிறது. ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்து, திரிதிரியாகவோ தண்ணீராகவோ இருந்தால், அல்லது மடி சுட்டால், மடிநோய். அப்போது உதைப்பது வலியால். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடக்குகிறது என்றால் வீம்பு என்று நினைக்காதீர்கள். மடியில் ஊறிய பாலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் காம்புக்கு மேலுள்ள குழியில் தானாக வந்து நிற்கும். மீதி நுண்ணறைகளுக்குள் இருக்கிறது. மூளையடியில் சுரக்கும் ஆக்ஸிடாசின் ரத்தத்தில் வந்து அந்த அறைகளைப் பிழிந்தால்தான் இறங்கும். கன்று முட்டுவது, மடியைத் தடவுவது மட்டுமல்ல. பழகிய காலடி, வாளிச் சத்தம், தெரிந்த கை, இவையும் அந்தச் சுரப்பைத் தூண்டப் பழகியிருக்கின்றன. புதுக் கை பட்டு மாடு மிரண்டால் சுரப்பு வருவதே தடைபடும். அதோடு அட்ரினலின் ஏறி மடிக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். ஒரு அடி அடித்தால் அந்த வேளைப் பால் போனதுதான்.

போன் குரல் ஏன் எடுபடவில்லை? வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2020-இல் கிடேரிகளைத் தடவிக்கொடுத்தபடி, ஒருமுறை ஆள் நேரில் பேசியும் ஒருமுறை பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டும் பார்த்தார்கள். நேரில் பேசியபோதுதான் கூடுதலாக அமைதியடைந்தன. உங்கள் மாட்டுக்குக் குரல் கேட்கிறது, ஆள் வாசம் இல்லை. திரும்பித் தேடத்தான் செய்யும். அதை விட்டுவிட்டு, அவர் கட்டிப் பழகிய, துவைக்காத சேலையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அடுத்து உங்கள் கை. ஆண்கள் பலர் கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவைக் காம்பில் அழுத்திக் கறப்பார்கள், காம்பு வலிக்கும். ஐந்து விரலாலும் காம்பைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக அமுக்குங்கள். இழுக்க வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். எச்சில், பால் தொட்டுக் கறப்பதும் வேண்டாம்.

அவர் கறக்கும் நேரம், கட்டும் இடம், உட்காரும் பக்கம், அப்போது வைக்கும் தீவனம் எதையும் மாற்றாதீர்கள். போனில் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பருத்திக்கொட்டை வைத்துவிட்டுத்தான் மடி கழுவுவேன்" என்பது மாதிரிச் சின்ன விஷயம் ஒன்று கட்டாயம் வரும். கறவை நேரத்துக்கு வெளியே தினமும் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிஷம், கழுத்தடியையும் தாடையையும் சொறிந்துவிடுங்கள். நோய்க்கு ஊசி போடும்போதும் மருந்து புகட்டும்போதும் மாட்டை வேறு யாராவது பிடிக்கட்டும்; அந்த வலியை அது உங்களோடு சேர்த்து நினைக்கக் கூடாது.

கறக்கும் வேளையில் கன்றை அரை நிமிஷம் ஊட்டவிட்டு, தாய் நக்கும்படி முகத்துக்கு முன்னால் கட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் மடியைத் துடைத்து, ஈரம் ஒற்றி, ஒரு நிமிஷம் தடவுங்கள். காம்பு புடைத்து வந்ததும் தொடங்கி ஏழு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். சுரப்பின் வேகம் அவ்வளவு நேரம்தான். இடையில் எழுந்து போனால் மறுபடி வராது. மிச்சப் பாலைக் கன்று குடிக்கட்டும்; தேங்கினால் மடிநோய்க்கு வழி, ஊறுவதும் குறையும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். அதுவரை ஆளுக்கொரு வேளை என்று மாற்றாமல் நீங்களே கறங்கள்.

ஊசியைப் பற்றி: அது அதே ஆக்ஸிடாசின்தான், அதனால் இறங்கும். ஆனால் தினமும் போட்டால் மாட்டின் உடல் அதற்குப் பழகி, பிறகு ஊசி இல்லாமல் உங்கள் மனைவிக்கும் இறக்காது. தேங்கிய பாலை வடிக்க மருத்துவர் ஒருமுறை போடுவது வேறு விஷயம். கறவைக்காக இப்படி ஊசி போடுவதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தடுக்கிறது.

அவர் திரும்பி வந்த பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று வேளை நீங்கள் கறங்கள். அடுத்த ஈத்தில் சீம்பால் கறக்கும்போதே இருவர் கையும் படட்டும்.