ஓராண்டு கடந்த மாடும் ஓய்வூதியமும்

கேள்வி: அவுஸ்திரேலியாவில் வேலை செய்யும் என் தம்பி, தன் ‘சூப்பர்அனுவேசன்’ பணத்தை 60 வயதுக்கு முன் எடுக்க இயலாது என்கிறார். அச்சொல்லின் பொருளும் பிறப்பும் என்ன?
— வாசகி, பரந்தன்

பதில்: ‘மேல்’, ‘ஆண்டு’ எனப் பொருள்படும் ‘சூப்பர்’, ‘அன்னுஸ்’ என்னும் இலத்தீன் சொற்களில் பிறந்த இது, இடைக்கால இலத்தீனில் ஓராண்டைக் கடந்த மாட்டைக் குறித்தது. (பட்டி மாடு வளர்க்கும் வன்னி வாசகர்கள் இதை இரசிப்பார்கள்.) 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முதுமையால் பணிக்கு ஏலாத மனிதரைச் சுட்டி, பின்னர் வயதெல்லையில் ஓய்வு பெறுவதையும் அதனால் உரித்தாகும் கொடுப்பனவையும் குறிக்கலாயிற்று. அவுஸ்திரேலியாவில் 1992 முதல் தொழில்தருநர் கட்டாயமாகச் செலுத்தும் இச்சேமிப்பு, நம் அரச ஓய்வூதியத்தைவிட ஊழியர் சேமலாப நிதிக்கே நெருக்கமானது. தம்பி 1964 யூன் 30இன் பின் பிறந்தவராயின் 60 என்பது பொதுவாகச் சரியே. ஆயினும் அவ்வயதில் பணம் முழுவதையும் எடுக்க வேலையிலிருந்து விலகியிருக்கவும் வேண்டும், 65இல் அந்த நிபந்தனையும் இல்லை.