ஓம எண்ணெய் கிருமிகளைக் கொல்லுமா?

ஓம எண்ணெயில் என்ன இருக்கிறது, அது உண்மையிலேயே கிருமிகளைக் கொல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் பல பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் கொல்கிறது. அந்தக் காரமான மணத்தைத் தரும் தைமால்தான் இதில் முக்கியம். பல மாதிரிகளில் எண்ணெயின் பாதியளவு அதுவே. கூடவே காமா-டெர்பினீன், பாரா-சைமீன் என்ற வேதிப்பொருள்களும் உண்டு.

தைமால் ஃபீனால் என்ற வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். கொழுப்பில் எளிதில் கரைவதால் பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிந்து செல் செத்துப்போகிறது. எனக்கு வியப்பாக இருப்பது பாரா-சைமீன்தான்: தனியாக வலுவில்லை, ஆனாலும் சவ்வை உப்ப வைத்து மற்றவை நுழைய வழிவிடுகிறது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மட்டும் லேசில் மசியாது, அதற்குக் கூடுதலாக உள்ள வெளிச்சவ்வு காவல்.

சரி, ஆய்வகத் தட்டில் கிருமி சாவது வேறு, உடம்பில் நோய் தீர்வது வேறு. நீர்க்கச் செய்யாமல் தோலில் தடவாதீர்கள், எரியும்.